எஸ்.டி. கார்டு போட்டும் கொமடோர் 64 ஏன் அதே நேரம் எடுக்கிறது?

நெய்தல் | சனி, இரவு 10:15

வணக்கம். இங்கே இது என் முதல் இழை.

இரண்டு வாரங்களுக்கு முன் ரொறன்ரோவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று கிடைத்தது. பழுப்பு நிறத்தில், ரொட்டி போல் உருண்ட முதுகுள்ள பழைய வடிவம். கூடவே அதற்கான 1541 என்ற பிளாப்பி டிரைவ் ஒன்று, சப்பாத்துப் பெட்டி நிறைய பிளாப்பி வட்டுகள். எண்ணிப் பார்த்தேன், 43 இருந்தன. விற்ற அம்மா தன் அண்ணனுடையவை என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பிளாப்பியை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று எண்ணி, எஸ்.டி. கார்டை டிரைவ்போல் நடிக்கவைக்கும் எஸ்டி2ஐஈசி என்ற சிறு பலகையை வாங்கினேன். டிரைவ் கேபிளைச் செருகும் அதே இடத்தில் இதன் கேபிளைச் செருகினால் போதும். கேசட் போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான வட்டுகள் நகத்தளவு கார்டில் அடங்கிவிட்டன. அதில் குறையில்லை.

ஆனால் 200 பிளாக் அளவுள்ள ஒரு நிரலை ஏற்ற 2 நிமிடம் 10 நொடி ஆகிறது. கைக்கடிகாரம் வைத்து மூன்று முறை பார்த்தேன். பழைய 1541இலும் ஏறத்தாழ அதே நேரம்தான். நகரும் பாகமே இல்லாத கார்டு, சுழலும் வட்டுக்குச் சமமான நேரம் எடுப்பது எப்படி? பலகை பழுதா? திருப்பி அனுப்பலாமா?

இன்னொன்று: யூசர் போர்ட்டில் செருகும் வை-ஃபை மோடம் ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அதிலும் இதே கதை நடக்குமோ என்று கவலையாக இருக்கிறது.

செம்புக்கம்பி | சனி, இரவு 11:02

நெய்தல், அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். எந்த மின்பெட்டியில் ஓட்டுகிறீர்கள்? கணினியோடு வந்த பழைய பெட்டி என்றால் இப்போதே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளை உள்ளே பிசின் ஊற்றி இறுக்கி மூடினார்கள். சூடு வெளியேற வழி இல்லை. 5 வோல்ட்டைக் காக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதாகும்போது மின்னழுத்தம் கீழே இறங்காமல் மேலே ஏறும். முதலில் ராம் சிப்புகள் கருகும். இன்று மல்டிமீட்டரில் 5.1 காட்டினாலும் நாளைக்கு அது உத்தரவாதம் ஆகாது. புதிதாகச் செய்து விற்கும் மின்பெட்டியை வாங்குங்கள். கார்டு, மோடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் செருகும் ஒவ்வொரு பலகையும் அதே 5 வோல்ட்டிலிருந்துதான் குடிக்கிறது.

இனி உங்கள் கேள்வி. பலகையைத் திருப்பி அனுப்பாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது. நீங்கள் காண்கிற தாமதம் முழுவதும் கேபிளில் இருக்கிறது. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் இந்த இயந்திரத்தில் எதைச் சேர்த்தால் எது வேகமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

64க்கு முந்தைய விக்-20 கணினியை வடிவமைத்தபோது, டிரைவுக்குப் போகும் தொடர்வழிக் கம்பியை 6522 என்ற சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஓட்டுவதாக இருந்தது. அதாவது பிராசஸர் ஒரு பைட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். 8 பிட்டுகளையும் சிப்பே வரிசையாகத் தள்ளும். வெளிக் கடிகாரத்தில் இயங்கும்போது அந்த ரெஜிஸ்டரில் ஒரு குறை இருப்பது தெரிந்தது. சரிசெய்ய நேரமில்லை. ஒவ்வொரு பிட்டையும் பிராசஸரே மென்பொருளால் ஏற்றி இறக்கும்படி மாற்றினார்கள்.

1982இல் 64 வந்தபோது அதில் 6526 என்ற புதுச் சிப் இருந்தது; அதன் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சரியாகவே இருந்தது. ஆனால் வேகக் கம்பிகள் பலகை அமைப்பில் விடுபட்டுப் போயின. பழைய முறையே தொடர்ந்தது. அதோடு இன்னொரு சுமையும் சேர்ந்தது. 64இன் திரைச் சிப், எழுத்து வரி ஒன்று தொடங்கும்போதெல்லாம், அதாவது 8 திரைக்கோட்டுக்கு ஒருமுறை, 40க்கும் சற்று மேற்பட்ட கடிகாரத் துடிப்புகளுக்குப் பிராசஸரை நிறுத்திவிடுகிறது. விக்-20க்கான 1540 டிரைவ் அனுப்பிய வேகத்துக்கு இந்தப் பிராசஸரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே டிரைவின் வேகத்தை இன்னும் குறைத்து 1541 என்று வெளியிட்டார்கள்.

முடிவில் நொடிக்கு ஏறத்தாழ 400 பைட். ஒரு பிளாக்கில் 254 பைட் தரவு. 200 பிளாக்குக்கு 50,800. 400ஆல் வகுத்தால் 127 நொடி. உங்கள் கைக்கடிகாரம் சொன்னது சரி. மறுமுனையில் இருப்பது பிளாப்பியா கார்டா என்பது அந்தக் கம்பிக்குத் தெரியாது.

பழுதுநீக்கி | ஞாயிறு, காலை 7:30

செம்புக்கம்பி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இதைக் கேட்டு 1541 ஒரு மந்தமான பெட்டி என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. 30 ஆண்டுகளுக்கு மேலாக அந்த டிரைவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அது தனியாக ஒரு கணினி. உள்ளே சொந்தமாக 6502 பிராசஸர், 2 கிலோபைட் ராம், 16 கிலோபைட் ரோம். கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தடத்தில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. 64க்கு அதில் வேலையே இல்லை.

வேகமேற்றி நிரல்கள் பிறந்தது இதனால்தான். டிரைவின் அந்த 2 கிலோபைட்டுக்குள் நம் சொந்த நிரலை அனுப்பி ஓடவைக்கலாம். கடிகாரக் கம்பி, தரவுக் கம்பி இரண்டிலும் ஒரே நேரத்தில் பிட்டுகளை அனுப்பு, ஒவ்வொரு பிட்டுக்கும் வந்ததா என்று கேட்டுக் கைகுலுக்காதே, துடிப்பை எண்ணிக்கொண்டே வாங்கு என்று இரு முனைகளுக்கும் புதிய பேச்சைக் கற்றுக்கொடுத்தார்கள். கம்பி அதேதான். 5 மடங்கு, 10 மடங்கு வேகம் கிடைத்தது. வன்பொருளில் ஒரு திருகைக்கூட மாற்றாமல் இதைச் செய்தார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எஸ்டி2ஐஈசி பலகையில் ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது 6502 அல்ல, ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலர். நீங்கள் அனுப்பும் டிரைவ் நிரலை அதனால் ஓட்ட முடியாது. பெயர்பெற்ற வேகமேற்றிகளை, வந்து சேரும் பைட்டுகளின் கூட்டுத்தொகையை வைத்து அடையாளம் கண்டு, தானே அதற்கேற்ப நடந்துகொள்கிறது. அடையாளம் தெரியாத வேகமேற்றியோடு வரும் விளையாட்டு பாதியில் நின்றுவிடும். நின்றால் பதறாதீர்கள்.

நெய்தல் | ஞாயிறு, மாலை 6:48

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்றிரவே பழைய மின்பெட்டியைக் கழற்றிவிட்டேன். புதியதற்குச் சொல்லிவிட்டேன், வியாழன் வருகிறது. அதுவரை கணினியைத் தொடப்போவதில்லை.

டிரைவை வேகமாக்கும் மாற்று ரோம், ஜிஃபிடாஸ் என்று பல இடங்களில் படிக்கிறேன். ரோம் மாற்றுவதா, வேகமேற்றிக் கார்ட்ரிட்ஜ் செருகுவதா, எது நல்லது?

செம்புக்கம்பி | ஞாயிறு, இரவு 9:20

முதல் முறை என்றால் கார்ட்ரிட்ஜ். எபிக்ஸ் ஃபாஸ்ட்லோட், ஃபைனல் கார்ட்ரிட்ஜ் 3 ஆகியவற்றின் பேச்சு உங்கள் பலகைக்குத் தெரியும். செருகினால் வேலை முடிந்தது.

ஜிஃபிடாஸ் அதைவிடச் சீரானது, ஏனென்றால் இயங்குதளத்தின் உள்ளேயே அமர்ந்துகொள்கிறது. கார்ட்ரிட்ஜ் போர்ட்டும் காலியாக இருக்கும். உண்மையான 1541 வைத்திருப்பவர் டிரைவிலும் ரோம் மாற்ற வேண்டும். உங்கள் பலகை அதைப் பிறவியிலேயே பேசுவதால் கணினிப் பக்கம் மட்டும் மாற்றினால் போதும். பழைய வடிவப் பலகையில் இயங்குதளம் இருக்கும் கெர்னல் ரோம் யூ4 என்று எழுதிய இடத்தில் இருக்கும், 24 கால்கள். சாதாரண 2764 ஈப்ரோம் 28 கால்கள் கொண்டது, நேரடியாக உட்காராது, இடையில் ஒரு மாற்றுப் பலகை வேண்டும்.

அந்த ரோம் பெரும்பாலும் சாக்கெட்டில் இருக்காது, நேராகச் சால்டர் வைத்திருப்பார்கள். நான் முதன்முதலில் கழற்றியபோது அவசரப்பட்டு இழுத்து இரண்டு செம்புத் தடங்களைப் பெயர்த்துவிட்டேன். மெல்லிய கம்பியால் அவற்றை ஒட்டுப்போட ஒரு முழு ஞாயிறு போனது. சால்டர் உறிஞ்சி இல்லாமல் அந்த வேலையில் கை வைக்காதீர்கள். எல்லாக் கால்களும் தளர்ந்து, சிப் தானாக அசையும்வரை இழுக்கக் கூடாது. கழற்றிய இடத்தில் சாக்கெட் வைத்துவிடுங்கள். அடுத்தமுறை இந்த வேலையே இருக்காது.

குறுவட்டு | திங்கள், காலை 6:05

6522 பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றியது. என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ. 1984இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் வந்து இறங்கியவை இந்த வகைக் கணினிகள்தான். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் சிலர் முதலில் விசை தட்டியது இவற்றில்தான். இதன் யூசர் போர்ட்டிலும் அதே 6522 இருக்கிறது. எம்எம்எஃப்எஸ் என்ற மென்பொருளை ரோமில் வைத்து, அந்தப் போர்ட்டில் எஸ்.டி. கார்டைக் கோத்தால், அதே ஷிஃப்ட் ரெஜிஸ்டரை வைத்துக் கார்டை விரைவாகப் படிக்கிறது. கணினியின் சொந்தக் கடிகாரத்தில் ஓட்டுவதால் அந்தக் குறை தலைகாட்டுவதில்லை. ஒரே கோப்பில் 511 வட்டுகள் வரை வைக்கலாம். விக்-20இன் கம்பியைக் கெடுத்த சிப், இன்னொரு பெட்டியில் இப்படி உழைக்கிறது என்பதைச் சொல்ல விரும்பினேன்.

நெய்தல் | வெள்ளி, இரவு 11:40

புதிய மின்பெட்டி வந்தது. அளந்தேன், 5.05 வோல்ட். ரோம் மாற்றும் வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று, கைமாற்றாகக் கிடைத்த ஒரு வேகமேற்றிக் கார்ட்ரிட்ஜைச் செருகினேன்.

அதே 200 பிளாக் நிரல். 2 நிமிடம் 10 நொடி இருந்தது 26 நொடியாகிவிட்டது! தரவுக் கம்பி அதே கம்பி என்பதை நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

ஐயா சொன்னதும் நடந்தது. ஒரு விளையாட்டு முகப்புப் படம் வரை வந்து, திரை கறுத்து, அப்படியே நின்றுவிட்டது. பதறவில்லை. அதற்கு என்ன செய்யலாம்?

செம்புக்கம்பி | சனி, காலை 8:15

இரண்டு வழிகள். பை1541 என்பது ராஸ்பெரி பை 3இல் ஓடும் மென்பொருள். 1541இன் பிராசஸர், சிப்புகள், வட்டின் சுழற்சி எல்லாவற்றையும் துடிப்புக்குத் துடிப்பு நடித்துக் காட்டுகிறது. எந்த வேகமேற்றி வந்தாலும் அதை உண்மையிலேயே ஓட்டும். பையின் கால்கள் 3.3 வோல்ட், கொமடோர் 5 வோல்ட்; இடையே மட்டம் மாற்றும் சிறு பலகை கட்டாயம். இன்னொன்று 1541 அல்டிமேட். அது கார்ட்ரிட்ஜ் போர்ட்டில் செருகுவது, எஃப்பிஜிஏ என்ற, வேண்டிய சுற்றை உள்ளே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்புக்குள் டிரைவையே கட்டியிருக்கிறார்கள். விலை கூடுதல். ராம் விரிவாக்கியாகவும் நடிக்கும்.

பழுதுநீக்கி | சனி, காலை 10:50

மூன்றாவது வழி நெய்தல் தம்பியின் மேசை மேலேயே இருக்கிறது. உண்மையான 1541.

எல்லோரும் அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கார்டுக்குப் போகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. வட்டைப் படிக்கும் தலையைச் சுத்தம் செய்து, அது நகரும் தண்டவாளத்துக்கு ஒரு துளி எண்ணெய் விட்டால் பெரும்பாலான டிரைவுகள் எழுந்துகொள்ளும். தடம் பூஜ்ஜியத்தை அறியும் உணரி இதில் கிடையாது; தலை எங்கே நிற்கிறது என்று குழம்பினால், கடைசித் தடுப்பில் போய் டடடட என்று மோதிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் அடிக்கடி கேட்டால் தலையின் நேர்நிலை விலகிவிட்டதா என்று பாருங்கள்.

ஆனால் தம்பி, என் கவலை விளையாட்டைப் பற்றியது அல்ல. அந்தச் சப்பாத்துப் பெட்டி. 43 வட்டுகள். அவற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?

விளையாட்டுகளை உலகமே நகலெடுத்து வைத்திருக்கிறது. யாரோ ஒருவரின் கையெழுத்தில் பெயர் எழுதிய வட்டு உலகத்தில் ஒன்றுதான். காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. புதுக் கருவிகளோடு விளையாடுவதற்கு முன் அவற்றைப் படித்து எடுத்துவிடுங்கள். ஜூம்ஃப்ளாப்பி என்ற யூஎஸ்பி இணைப்பி இருந்தால் 1541ஐ நேரடியாக இன்றைய கணினியோடு கோக்கலாம். ஒவ்வொரு வட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள்; ஒரு வட்டின் அழுக்கு தலையில் ஒட்டி அடுத்த பத்து வட்டுகளைச் சுரண்டும். மற்றவற்றைப் படிக்கும்போதும் நாலைந்துக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

டி64 என்ற வட்டு நகல் கோப்பு ஒரு பக்கத்தின் 683 பிளாக்குகளையும் எடுக்கும், 1,74,848 பைட். சாதாரண வட்டுக்கு அது போதும். நகல் தடுப்புள்ள வட்டு என்றால் ஜி64 எடுக்க வேண்டும். அது தடத்தில் எழுதியிருக்கும் பிட்டுகளையே வாங்கிவைக்கிறது. எஸ்டி2ஐஈசிக்கு ஜி64 படிக்கத் தெரியாது, பை1541க்குத் தெரியும். அதனால் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வடலி | சனி, மாலை 4:30

நான் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருந்து எழுதுகிறேன். பழுதுநீக்கி சொன்னதை வழிமொழிகிறேன். அந்தப் பெட்டியை முதலில் பாருங்கள் தம்பி.

மோடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 1982இல் விக்மோடம் வந்தது, 300 பாட், அதாவது நொடிக்கு 300 பிட், பத்து லட்சம் விற்ற முதல் மோடம் என்று பெயர் வாங்கியது. அதற்கு எண் சுழற்றத் தெரியாது. நீங்கள் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, மறுமுனை கீச்சிடுவதைக் கேட்டதும், ரிசீவரின் கம்பியைப் பிடுங்கி மோடத்தில் செருக வேண்டும். 1985 நவம்பரில் அங்கே குவாண்டம்லிங்க் என்று கொமடோர்க்காரருக்காகவே ஒரு சேவை தொடங்கினார்கள். அந்த நிறுவனம்தான் பின்னாளில் அமெரிக்கா ஆன்லைன் ஆனது.

இங்கே நிலைமை வேறு. அப்போது தொலைபேசி முழுவதும் அஞ்சல் துறையின் கையில் இருந்தது. அவர்கள் அனுமதிக்காத கருவியைக் கம்பியில் கோப்பது குற்றமாக இருந்தது. ஆகவே நாங்கள் ஒலி இணைப்பியை நம்பினோம். இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள்; அவற்றில் ரிசீவரை அழுத்தி வைத்தால் ஒலியாகவே தரவு போய் வரும். கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் சங்கத்தார் கழிப்பறைக் குழாய்க்கான ரப்பர் வளையங்களை வைத்துச் சொந்தமாகச் செய்துகொள்ளும் வரைபடத்தையே வெளியிட்டார்கள்.

நான் 1985இல் இங்கே வந்தேன். உணவகச் சமையலறையில் வேலை. 1988இல் கூட வேலை செய்த ஒருவரிடம் பாதி விலைக்கு 64ஐ வாங்கினேன். ஒலி இணைப்பி இரவல். நள்ளிரவுக்கு மேல், அறைத் தோழர்கள் உறங்கிய பின், போர்வையை ரிசீவர் மேல் போட்டுவிட்டு உட்காருவேன். யாராவது இருமினால் திரையில் குப்பை எழுத்து வரும். 300 பாட் என்றால் நொடிக்கு 30 எழுத்து. 40க்கு 25 என்ற முழுத் திரை நிறைய 33 நொடி. அந்த வேகம் மனிதர் வாசிக்கிற வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எழுத்து எழுத்தாக வருவதை வாய்க்குள் உச்சரித்துக்கொண்டே இருப்பேன். ஊரிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆன காலம் அது. யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தக் கணத்தில் தட்டுவது என் திரையில் விழுகிறது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

உங்கள் வை-ஃபை மோடம் வந்ததும் எழுதுங்கள். ஆவலோடு இருக்கிறேன்.

நெய்தல் | புதன், இரவு 10:05

மோடம் வந்தது. வட்டுகளில் 19ஐப் படித்தும் முடித்தேன் ஐயா. நான்கில் பூஞ்சை இருக்கிறது, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மோடம் பற்றி. ஈஎஸ்பி8266 சிப் உள்ளே இருக்கிறது. பழைய ஹேஸ் மோடம்போல் கட்டளை கேட்கிறது: ஏடிடிடி என்று தட்டித் தொலைபேசி எண்ணுக்குப் பதில் இணைய முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்தால் இணைந்துவிடுகிறது. இன்றும் இயங்கும் ஒரு அறிவிப்புப் பலகைச் சேவையில் நுழைந்தேன். கொமடோருக்கே உரிய கட்ட எழுத்துகளால் வரைந்த வரவேற்புப் படம் மெல்ல மெல்ல இறங்கியது.

300, 1200 பாட் இரண்டிலும் பிழையே இல்லை. 2400இல் அங்கங்கே எழுத்து விழுங்குகிறது. 9600 வைத்தால் வெறும் குப்பை. வீட்டு வை-ஃபை இதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகம். இங்கேயும் கம்பிதான் காரணமா?

செம்புக்கம்பி | வியாழன், காலை 7:10

ஏறத்தாழ அதேதான். அங்கே போலவே இங்கேயும் பிட்டுகளைப் பிராசஸரே எண்ணுகிறது.

64இல் தொடர்வழி மோடத்துக்கென்று தனிச் சிப் கிடையாது. ஒவ்வொரு பிட் நேரத்துக்கும் டைமர் ஒரு இடையீட்டை எழுப்பும். பிராசஸர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய் அந்த ஒரு பிட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும். உங்களுடையது வட அமெரிக்கக் கணினி, நொடிக்கு 10,22,727 துடிப்பு. 1200 பாட்டில் ஒரு பிட்டுக்கு 852 துடிப்பு கிடைக்கிறது, தாராளம். 2400இல் 426. 9600இல் 106 மட்டும். அந்த 106இல் திரைச் சிப் 40க்கு மேல் எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

வழி இருக்கிறது. யூபி9600 என்ற முறை 6526 சிப்புகளின் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களை இதற்குப் பயன்படுத்துகிறது. 1982இலிருந்து உள்ளே சும்மா இருந்தவை! யூசர் போர்ட்டில் சில கால்களைக் கூடுதலாகக் கோக்க வேண்டும். இப்போது விற்கும் வை-ஃபை மோடம்களில் பல அப்படிக் கோத்தே வருகின்றன. உங்கள் டெர்மினல் நிரலின் அமைப்பில் யூசர் போர்ட் 9600 என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேலும் வேகம் வேண்டுமானால் ஸ்விஃப்ட்லிங்க் வகைக் கார்ட்ரிட்ஜ். அதில் 6551 சிப் தனியாக உட்கார்ந்து பைட் பைட்டாகக் கொடுக்கும். 38,400 வரை போகலாம்.

இன்னொன்று. டிரைவையும் மோடத்தையும் ஒரே கணத்தில் இயக்காதீர்கள். டிரைவுக் கம்பியில் பிராசஸர் துடிப்பு எண்ணிக்கொண்டிருக்கும்போது மோடத்தின் இடையீடு வந்தால் இரண்டும் கெடும். நல்ல டெர்மினல் நிரல்கள் ஒரு தொகுப்பை வாங்கி, மறுமுனையை நிறுத்தி வைத்து, எழுதி, பிறகு அடுத்ததைக் கேட்கின்றன. யூசர் போர்ட்டின் 5 வோல்ட் காலுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் வரம்பு. வை-ஃபை சிப் அலை பரப்பும் கணங்களில் அதைத் தாண்டும். மோடம் காரணமில்லாமல் மறுபடி மறுபடி துவங்கினால் அங்கே பாருங்கள்.

பழுதுநீக்கி | வியாழன், பகல் 1:25

இதைக் கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு டி64 வட்டை இறக்க 300 பாட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், 1200இல் 24 நிமிடம், 9600இல் 3 நிமிடம். 9600 பாட் என்றால் நொடிக்கு 960 பைட். வேகமேற்றி இல்லாத டிரைவ் 400. ஆக, மோடம் வட்டை முந்திவிடுகிறது. எழுதி முடிக்கும்வரை மோடம்தான் காத்திருக்கும். அதனால்தான் இந்த இரண்டு விரிவாக்கத்தையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது என்கிறேன்.

நெய்தல் | ஞாயிறு, மாலை 5:15

யூபி9600 ஓடுகிறது! என் மோடத்தில் கம்பி முன்பே கோத்திருந்தது, தேர்வை மாற்றினேன், அவ்வளவுதான்.

வட்டுகள் 39 படித்தாகிவிட்டது. பெரும்பாலும் விளையாட்டு. ஆனால் இரண்டில் கடிதங்கள் இருக்கின்றன. அந்த அண்ணன் சேமித்தவை. முதல் வரியைப் பார்த்ததும் மூடிவிட்டேன். விற்ற அம்மாவின் வீட்டுக்குப் போய் விசாரித்தேன், அண்ணன் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தாளில் அச்சிட்டுத் தருகிறேன், நான் நகல் வைத்துக்கொள்ளமாட்டேன் என்று சொன்னேன். நிரல்களை மட்டும் வைத்துக்கொள் என்றார். நான் செய்தது சரியா?

வடலி | ஞாயிறு, இரவு 7:50

சரி தம்பி. மிகச் சரி.

நீங்கள் வட்டுகளைப் பற்றி எழுத எழுத, நானும் பரணில் இருந்து என் பெட்டியை இறக்கினேன். 1990இல் மகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க நான் வரைந்த தமிழ் எழுத்துருவும் அதில் இருந்தது. 64இல் எழுத்து வடிவங்களை ராமில் நாமே வரையலாமே. 256 இடம், ஒவ்வொன்றும் 8க்கு 8 புள்ளி. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு வரியையும் எண்ணாக்கித் தட்டினேன். கொம்பு, கால், விசிறி எல்லாவற்றையும் தனி இடங்களில் பிரித்துவிட்டால் 247 எழுத்தும் அடங்கிவிடும். ண மட்டும் 8 புள்ளிக்குள் அடங்க மறுத்தது. அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தேன்.

வட்டு படித்தது. ஒரு பிழையும் இல்லை. 9 பிளாக்.

அடுத்த சனி என் 64ஐ மோடத்தோடு வைத்திருக்கிறேன். வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கிறேன். முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன். இடையில் எந்தச் சேவையும் வேண்டாம், நேராக அழையுங்கள். எனக்காக 1200இல் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல் | சனி, பகல் 3:40

இப்போதுதான் முடிந்தது. கை இன்னும் நடுங்குகிறது.

ஏடிடிடி தட்டினேன், கனெக்ட் 1200 என்று வந்தது. வடலி அண்ணா அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், ஆங்கில எழுத்தில் "வணக்கம் தம்பி" என்று. பிறகு எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் எழுத்துருவை அனுப்பினார். 128 பைட் தொகுப்புகள். கோப்பு 2050 பைட் என்பதால் 17 தொகுப்பு. கடைசியில் இருந்தது 2 பைட் மட்டும், மீதி நிரப்பு. ஒவ்வொரு தொகுப்புக்கும் இடையில் எஸ்.டி. கார்டின் விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

இணைப்பை முடித்து, கோப்பை நினைவகத்தில் 12288 என்ற இடத்தில் ஏற்றி, 53272 என்ற இடத்தில் எழுத்துருவை மாற்றினேன். திரையில் இருந்த ரெடி என்ற சொல் ர, ப, தி, ண்ணின் பாதி என்று ஏதோ தமிழாக மாறிக் குதித்தது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அண்ணா அனுப்பிய பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். முதலில் அவர் மகளின் பெயர். அதில் ஒரு ண இருக்கிறது, இரண்டு கட்டத்தில் அழகாக அமர்ந்திருக்கிறது.

படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். பூஞ்சை பிடித்த அந்த நான்கு வட்டுகளை எப்படிக் கழுவுவது என்று யாராவது சொல்ல முடியுமா? நாளை அதைத்தான் தொடங்கப்போகிறேன்.

பழுதுநீக்கி | சனி, மாலை 4:05

உறையை ஒரு விளிம்பில் மட்டும் வெட்டி, வட்டை வெளியே எடுங்கள். வாலை வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், விரல் நுனியால் வட்டமாக, அழுத்தாமல். பிறகு வெறும் வாலை வடிநீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவிட்டு, நல்ல வட்டொன்றின் காலி உறைக்குள் போட்டுப் படியுங்கள். ஒருமுறை படித்ததுமே தலையைத் துடையுங்கள். முதலில் பெயர் எழுதாத வட்டில் கை பழகுங்கள்.